தொட்டி மீனின் பால்மாற்றம்: வாள்வால் மீன் முதல் கோமாளி மீன் வரை

வாள்வால் மீன் வளர்ப்பவர்களிடையே நெடுநாளாக ஒரு பேச்சு உண்டு. இரண்டு மூன்று முறை குட்டி போட்ட தாய் மீனுக்கு வாலின் அடியில் வாள் முளைக்கும். குதத்துடுப்பு ஒடுங்கிக் கூராகும். பிறகு அதுவே மற்றப் பெண்களைத் துரத்தும், குட்டிகளுக்குத் தகப்பனும் ஆகும். தொட்டி மீன்கள் பால் மாறுமா என்ற கேள்வி அறிவியலுக்குள் நுழைந்ததில் இந்தப் பேச்சுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் அந்தக் கேள்விக்கு உறுதியான விடை தந்தவை வாள்வால் மீன்கள் அல்ல, முற்றிலும் வேறு மீன்கள். விடை ஏன் அவ்வளவு தாமதமாக, அவ்வளவு தொலைவிலிருந்து வந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

மீனின் பால் குறித்த ஐயம் பழையது. சில கடல்மீன்களில் பிடிபடுவதெல்லாம் சினையோடு இருக்கின்றன, ஆணே அகப்படுவதில்லை என்று அரிஸ்டாட்டில் எழுதிவைத்தார். அவற்றில் ஒன்றின் உறவுமீனை 1787இல் நேப்பிள்ஸில் அறுத்துப் பார்த்த ஃபிலிப்போ கவோலினி, சூலகமும் விந்தகமும் ஒரே உடலில் இருப்பதைக் கண்டார். ஆனால் ஒரே காலத்தில் இருபாலாக இருப்பது வேறு, ஒரு பாலாக வாழ்ந்து மறுபாலாக மாறுவது வேறு. முன்னதைச் செத்த மீனிலேயே காணலாம். பின்னதைக் காண, ஒரே மீனை உயிரோடு பல மாதங்கள் பின்தொடர வேண்டும். கண்ணாடித் தொட்டி வீடுகளுக்கு வந்த பிறகுதான் அது பலருக்கும் எளிதாயிற்று.

மெக்சிகோவில் கார்ல் ஹெல்லர் சேகரித்த வாள்வால் மீனுக்கு ஹெக்கல் 1848இல் அறிவியல் பெயர் சூட்டினார். 1909ஆம் ஆண்டளவில் அது உயிரோடு ஜெர்மனிக்கு வந்து வளர்ப்பாளர்களின் செல்லமாயிற்று. 1926இல் எஸ்ஸன்பெர்க் என்ற ஆய்வாளர் 'பயலாஜிக்கல் புல்லட்டின்' இதழில், வாள்வால் பெண்கள் முழுமையாக ஆணாக மாறுகின்றன என்று எழுதினார். அக்கட்டுரை வெளியான நேரம் முக்கியமானது. கோபன்ஹேகனில் யோஹன்னஸ் ஷ்மிட் 1920இலும் ஓய்விந்த் விங்கே 1922இலும், கப்பி மீனின் சில நிறப்புள்ளிகள் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே இறங்குவதைக் காட்டி, பாலை முடிவுசெய்வது குரோமோசோம் என்று நிறுவிக்கொண்டிருந்தார்கள். ஜப்பானில் தட்சுவோ ஐடா 1921இல் மெடக்கா மீனிலும் அதையே கண்டார். கருவிலேயே முடிவான ஒன்றைத் தாய்மீன் பாதி வாழ்க்கையில் மாற்றிக்கொள்கிறது என்றால், புதிதாக எழுந்துகொண்டிருந்த அந்தக் கட்டடத்தில் பெரிய விரிசல் விழுந்திருக்கும்.

விரிசல் விழவில்லை. பிழை பார்வையில் இருந்தது. வாள்வால் ஆண்களில் இருவகை உண்டு என்பதை குந்தர் பீட்டர்ஸ் 1964இல் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். முந்தி முதிரும் ஆண்கள் சிறு வயதிலேயே வாள் வளர்த்து, அத்தோடு வளர்ச்சியை ஏறக்குறைய நிறுத்திக்கொள்ளும். பிந்தி முதிரும் ஆண்களோ மாதக்கணக்கில் பெண்ணின் தோற்றத்திலேயே, பருத்த உடலோடு வளர்ந்து, பெரிய பெண்ணின் அளவை எட்டிய பிறகே வாள் விடும். பார்ப்பவர் கண்ணுக்கு அது நேற்றுவரை பெண், இன்று ஆண். ஆண் எப்போது முதிரும் என்பது மரபணுவால் முடிவாகிறது என்பதைப் பிளாட்டி மீனில் கிளாஸ் கால்மனும் அவருடன் உழைத்தவர்களும் 1970களில் காட்டினார்கள்.

அப்படியானால் அது குட்டி போட்டதே என்று வளர்ப்பாளர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பல மீன்கள் கூடிவாழும் தொட்டியில் எந்தக் குட்டியை எது ஈன்றது என்று அடையாளம் வைத்தவர் யார்? ஒருமுறை இணைந்த பெண், விந்தைப் பல மாதங்கள் உடலுக்குள் சேமித்து, அடுத்தடுத்துக் குட்டி போடும். வயதான சில பெண்களுக்கு வாள் போன்ற நீட்சி தோன்றுவதும் உண்மையே. ஆண் ஹார்மோன் கொடுத்தால் இளம் பெண்ணுக்கும் வாள் வளரும். ஆனால் வாள் வெளித்தோற்றம்தான். விந்து உண்டாகி, அதிலிருந்து குட்டிகள் பிறந்தால்தான் பால்மாற்றம் நிறைவுறும். வாள்வால் மீனில் இதைச் சான்றாக்க வேண்டுமென்றால், பிறந்த நாளிலிருந்து ஒரு மீனைத் தனியே வளர்த்து, அது ஈன்றதையும் பிறகு ஈன்பித்ததையும் பதிந்தாக வேண்டும். பழைய கதைகளில் நான் தேடுவது இந்தப் பதிவைத்தான்.

கருவிலேயே முடிவான பால் அசையவே அசையாதா? அசையும் என்பதை மிக அழகாகக் காட்டியவர் நகோயாவின் டோக்கியோ யமமோட்டோ. அவர் வளர்த்த மெடக்கா இனத்தில் சிவப்பு நிறத்துக்கான மரபணு ஒய் குரோமோசோமில் இருந்தது. அதனால் ஆண் செம்மஞ்சள், பெண் வெள்ளை. மீனின் நிறமே அதன் குரோமோசோமைச் சொல்லிவிடும். முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகளுக்கு அவர் பெண் ஹார்மோன் கலந்த தீனி கொடுத்தார். செம்மஞ்சள் மீன்கள் முட்டையிட்டன. 1953இல் இது அச்சேறியது. தந்தையின் குரோமோசோமைச் சுமந்துகொண்டே ஒரு மீன் தாயாக முடியும் என்பதில் அதன் பின் ஐயமில்லை. இந்த வழியில் தமிழ்நாட்டிலும் கனமான ஆய்வு நடந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் தி. ஜெ. பாண்டியனும் அவர் மாணவர்களும் 1990களில் கப்பி, கருப்பு மோலி, ஃபைட்டர் முதலிய தொட்டி மீன்களில் ஹார்மோனால் பாலை மாற்றி, அவற்றின் சந்ததியை எண்ணிப்பார்த்து மரபணு நிலையை உறுதிசெய்தார்கள். சந்ததியை எண்ணுவதுதான் இங்கே உரைகல். வாள்வால் கதைகளில் இல்லாமற்போனது அதுவே.

என்றாலும் இவையெல்லாம் மனிதன் கைவைத்து நிகழ்த்தியவை. மீன் தானாக மாறுவதைப் பார்த்தது பவளத்திட்டு மீன்களில்.

டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் லெவ் ஃபிஷெல்சன், செங்கடலின் ஆந்தியாஸ் மீன்களைத் தொட்டியில் கூட்டமாக வளர்த்தார். பெண்கள் ஆரஞ்சு நிறம். ஆணுக்கு ஊதா சாயலும் முதுகில் நீண்ட முள்ளும் உண்டு. ஆணை எடுத்துவிட்டால் பெண்களில் ஒன்று நிறம் மாறி ஆணாயிற்று. ஆண் பக்கத்துத் தொட்டியில் இருந்து, கண்ணாடி வழியே கண்ணில் பட்டுக்கொண்டிருந்தாலே மாற்றம் தடைப்பட்டது. இது 1970இல் 'நேச்சர்' இதழில் வந்தது. அந்தக் கண்ணாடிச் சுவரை இத்துறையின் மிகப் பெரிய கருவி என்றே சொல்வேன். தண்ணீர் கலக்கவில்லை, உடல் தொடவில்லை. பார்வை மட்டும் போதுமாக இருந்தது.

இரண்டே ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டிலிருந்து ராபர்ட்சன் என்பவரின் ஆய்வு வந்தது. பெரிய மீன்களின் மேலுள்ள ஒட்டுண்ணிகளைத் தின்று வாழும் துப்புரவு மீனில் ஓர் ஆணின் கீழ் சில பெண்கள் அளவு வரிசைப்படி வாழ்கின்றன. ஆணை அகற்றிய ஓரிரு மணி நேரத்தில் மூத்த பெண் ஆணைப்போல் மற்றவற்றை அதட்டத் தொடங்கியது. 14 முதல் 18 நாட்களில் அதனிடம் விந்து இருந்தது. எதிர்த்திசை மாற்றத்தை 1977இல் ஹான்ஸ் ஃபிரிக்கேயும் சிமோன் ஃபிரிக்கேயும் கோமாளி மீன்களில் காட்டினார்கள். கடற்சாமந்தியின் நடுவே வாழும் குழுவில் மிகப் பெரியது பெண், அடுத்தது ஆண், மற்றவை முதிராதவை. பெண் இறந்தால் ஆண் பெண்ணாகும். முதிராதவற்றில் பெரியது ஆணாகும். இன்று நீமோ என்ற பெயரில் தொட்டிக்கு வரும் சிறு குட்டிகள் இரண்டை ஒன்றாக விட்டால், நாளடைவில் ஒன்று பெண்ணாகவும் மற்றது ஆணாகவும் அமைவது இதனால்தான்.

வாள்வால் மீனின் கதையைக் குழப்பிய அதே கூட்டம்தான் இங்கே பால்மாற்றத்துக்குக் காரணமாக நிற்கிறது. 1920களின் ஆய்வாளர்கள் ஒற்றை மீனின் சூலகத்துக்குள் தேடினார்கள். 1970களில் தேடல், அந்த மீனுக்குப் பக்கத்தில் நீந்துவது யார் என்பதற்கு நகர்ந்தது. ஏன் மாறுகிறது என்பதற்கு மைக்கேல் கிசெலின் 1969இல் தந்த விளக்கமும் இதனோடு பொருந்தியது. பெரிய உடல் ஆணுக்கே மிகுதியான சந்ததியைத் தருமானால், சிறிதாக இருக்கையில் பெண்ணாகவும் பெருத்தபின் ஆணாகவும் வாழ்வது ஆதாயம். இணை ஒன்றே ஒன்று, பெரிய உடல் கூடுதல் முட்டை தரும் என்றால் திசை தலைகீழாகும். கோமாளி மீன் இரண்டாம் வகை.

மாற்றம் ஒரே திசையோடு நிற்க வேண்டியதுமில்லை. 1993இல் ஜப்பானியர் சுனோபேயும் நகசோனோவும், ஒரு கோபி மீன் பெண்ணிலிருந்து ஆணாகவும் மறுபடி பெண்ணாகவும் திரும்பக்கூடும் என்று காட்டினர். ஒரே உடலில் இருபாலாக இருக்கும் மீன்களையும் பால் மாறும் மீன்களையும் சேர்த்து, குவாமுராவும் உடனுழைத்தவர்களும் 2020இல் தொகுத்த பட்டியலில் 461 இனங்கள் உள்ளன. கடைகளில் விற்கும் நன்னீர் மீன்களில் பெரும்பாலானவை அதில் இல்லை.

மாற்றம் உடலின் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பது கடைசியாக வந்த கேள்வி. 1996இல் ஜான் காட்வினும் உடனுழைத்தவர்களும், கரீபியக் கடலின் நீலத்தலை மீன்களில் பெண்ணின் சூலகத்தையே அகற்றிவிட்டு, கூட்டத்திலிருந்த பெரிய ஆண்களை எடுத்தார்கள். சூலகமற்ற பெண்களும் ஆணின் நடத்தையை மேற்கொண்டன. 2019இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இரண்டிரண்டு ஆண் கோமாளி மீன்களைப் பெண்ணில்லாத தொட்டியில் சேர்த்து வைத்தார்கள். மூத்ததன் மூளையில் இனப்பெருக்கத்தை ஆளும் பகுதி சுமார் 6 மாதத்தில் பெண்ணின் அமைப்பை எட்டியது. உடலுக்குள் விந்தகம் அப்போதும் விந்தகமாகவே இருந்தது. முட்டை இன்னும் வரவில்லை.