விளைந்தும் வறண்ட காலம்

பஞ்சம் என்றால் மழை பொய்த்து, வயல் வெடித்து, களஞ்சியம் வெறுமையாகும் காட்சியே நம் மனக்கண்முன் எழும். ஆனால் 1929-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி இந்திய நாடு முழுவதையும் வாட்டிய பொருளாதார மந்தம் அத்தகையதன்று. வயல்கள் விளைந்தன, தானியம் குவிந்தது, ஆயினும் உழவன் ஏழையானான். இந்தப் புதிருக்கு விடை யாது?

நோய் வெளியிலிருந்து வந்தது. கோதுமை, சர்க்கரை முதலியவற்றின் உற்பத்தி உலகத் தேவையை முன்னரே மிஞ்சி நின்றது. 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்ததும் கடன் கொடுப்போர் கையை மூடினர், வாங்குவோர் விலகினர். நம் சணல், பருத்தி, நெல் ஆகியவற்றின் விலை சில ஆண்டுகளுக்குள் ஏறக்குறையப் பாதியாக இறங்கியது.

ஆனால் அந்நோய் நம் நாட்டில் வேரூன்றியதற்கு உள்நாட்டுக் காரணங்களும் இருந்தன. அவற்றுள் மூன்று முதன்மையானவை.

முதலாவது, நாணய மாற்று விகிதம். 1927-இல் அரசு ரூபாயின் மதிப்பை 18 பென்ஸ் என நிலைநிறுத்தியது. 16 பென்ஸே தக்கது என்று வாதிட்டார் புருஷோத்தம்தாஸ் தாகுர்தாஸ். 16 பென்ஸ் விகிதத்தில் ஒரு ஸ்டர்லிங் பவுனுக்கு 15 ரூபாய் கிடைக்கும். 18 பென்ஸ் விகிதத்தில் 13 ரூபாய் 5 அணா 4 பைதான் கிடைக்கும். அந்த இழப்பு ஏற்றுமதிப் பயிரை விளைவித்தவன் தலையிலேயே விடிந்தது. காந்தியடிகள் 1930-இல் அரசின்முன் வைத்த பதினொரு கோரிக்கைகளில் இவ்விகிதத்தைக் குறைப்பதும், நிலவரியைப் பாதியாக்குவதும் இடம்பெற்றன.

இரண்டாவது, மாறாத சுமை. விலை பாதியானது, வரியும் வட்டியும் பாதியாகவில்லை. பத்து மூட்டை விற்றுக் கட்டியதை இருபது மூட்டை விற்றுக் கட்ட நேர்ந்தது.

மூன்றாவது, கடன் ஊற்று வற்றியமை. நெருக்கடி வேளையில் கைகொடுக்க நாட்டில் மத்திய வங்கி இல்லை. ரிசர்வ் வங்கி 1935-இல்தான் பிறந்தது. 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்க நாணய முறையைக் கைவிட்டதும் பொன் விலை ஏறியது. குடும்பங்கள் காதிலும் கழுத்திலும் கிடந்ததை விற்றுக் காலம் தள்ளின. பல கோடி ரூபாய் பெறுமான பொன் கப்பலேறியது.

பிழைப்பு நாடிப் பிற மண்ணுக்குச் சென்ற தமிழரையும் இம்மந்தம் விடவில்லை. 1937 வரை இந்தியாவின் ஒரு மாகாணமாயிருந்த பர்மாவில், நெல் உழவர்க்குக் கடன் கொடுத்தவர்களுள் செட்டிநாட்டு வணிகர் முதன்மையானவர்கள். நெல் விலை வீழவே கடன் திரும்பவில்லை. அடகு நிலமே திரும்பியது. முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு 6 பங்காயிருந்த அவர்தம் உடைமை 1938-இல் 25 பங்காயிற்று. நிலமிழந்த உழவன் மனம் கசந்தான். முதல் முடங்கிய வணிகனும் மகிழவில்லை. விலைச்சரிவு இருவரையும் வீழ்த்தி, ஒருவரையொருவர் பகைக்கவும் வைத்தது.

தாயகத்திலும் பழைய கடன்கள் தீர்க்கவொண்ணாதனவாயின. சென்னை மாகாணத்தில் இராஜாஜி அமைச்சரவை 1938-இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று.

விளைச்சல் மட்டும் செல்வமாகாது. விளைந்ததற்கு நியாயமான விலையும், விலை வீழும்போது தளரும் வரியும் கடனும் இருந்தால்தான் உழைத்தவன் வீட்டில் அடுப்பெரியும். அந்தப் பத்தாண்டு விட்டுச் சென்ற பாடம் இதுவே.