உள்ளீடற்ற ஒளியிழையில் புற ஊதா லேசர்

உள்ளீடற்ற ஒளியிழை என்பது, நடுவே கண்ணாடிக்குப் பதிலாகக் காற்றோ வேறு வளிமமோ வெற்றிடமோ உள்ள ஒளியிழை. கண்ணாடியையே கெடுத்துவிடும் புற ஊதா லேசரை வளைந்த வழியில் கொண்டுசெல்ல இது உதவுகிறது.

தேவை: சென்னையில் பிறந்து அமெரிக்காவின் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய வேதியியலாளர் ரங்கசாமி சீனிவாசன், 1981 நவம்பரில் சாமுவேல் பிளம், ஜேம்ஸ் வின் ஆகியோருடன் ஒரு சோதனை செய்தார். விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டின் மேல் 193 நானோமீட்டர் புற ஊதா எக்சைமர் லேசர் பாய்ந்தபோது வெட்டு துல்லியமாக விழுந்தது. ஓரத்துத் திசு கருகவில்லை. 532 நானோமீட்டர் பச்சை லேசரோ கருக்கியது. லேசிக் கண் சிகிச்சைக்கு வித்திட்ட இச்சோதனைக்காக மூவரும் அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் பெற்றனர்.

தடை: பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, 1954இல் ஹெரால்டு ஹாப்கின்ஸுடன் கண்ணாடி இழைக்கட்டு வழியே படத்தைக் கடத்திக் காட்டியிருந்தார். ஆனால் புற ஊதா ஒளித்துகளின் ஆற்றல், இழைக் கண்ணாடியான சிலிக்காவின் நலிந்த பிணைப்புகளை உடைக்கிறது. உடைந்த இடங்கள் ஒளியை உறிஞ்சும் நிற மையங்களாகின்றன. இழை மெல்ல மெல்ல மங்குகிறது. கண்ணாடிக்குள் ஹைட்ரஜனைச் செலுத்தினால் இது தாமதப்படும். 308 நானோமீட்டர் ஒளி சிலிக்கா இழைகள் வழியே இதயத் தமனி அடைப்பு நீக்கத்துக்குப் பயன்பட்டது. ஆனால் 193 நானோமீட்டர் ஒளியை ஆடிகளைக் கொண்டே திருப்ப வேண்டியிருந்தது.

தீர்வு: ஒளி செல்லும் தடத்திலிருந்து கண்ணாடியை விலக்கும் எண்ணம் 1991இல் பிலிப் ரஸ்ஸலுக்குத் தோன்றியது. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் அவர் குழு 1999இல் அத்தகைய இழையை உருவாக்கியது. நடுத்துளையைச் சுற்றிய நுண்துளை வரிசை ஒளியை உள்ளேயே தடுத்து நிறுத்துகிறது. பின்னர் வந்த வகைகளில் மெல்லிய கண்ணாடிச் சுவர்களே அவ்வேலையைச் செய்கின்றன. அலைநீளம் குறையக் குறையச் சுவரும் மெலிய வேண்டும். தயாரிப்பின் கடினம் அதில்தான்.

2014இல் வெளியான ஆய்வொன்று வேறுபாட்டை அளந்து காட்டியது. 280 நானோமீட்டரில், சுமார் 2 மில்லிவாட் ஒளிக்கே சில மணி நேரத்தில் நடுவே கண்ணாடியுள்ள திட இழை கெட்டிருந்தது. பின்னர் வந்த உள்ளீடற்ற வகைகளுள் ஒன்றான ககோமே இழையோ 15 மில்லிவாட்டை 100 மணி நேரத்துக்கு மேல் தாங்கியும் மங்கவில்லை. சிறைப்பட்ட அயனிகளைப் புற ஊதா லேசரால் கையாளும் ஆய்வுகளுக்கு இந்த நிலைத்தன்மை இன்றியமையாதது. லேசர் திறன் மிக உயரும்போது, ஒளிக்கற்றை இழை வாயின் கண்ணாடி விளிம்பில் படாமல் துளைக்குள் நேராகப் புகுவது முக்கியம். தவறினால் விளிம்பு சேதமாகும்.