கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில்

"எனக்குக் கீறத் தெரியாது சேர்." சித்திர பாடத்தில் நாங்கள் அதிகம் கேட்பது இதைத்தான். அப்படிச் சொல்லும் பிள்ளையின் கையிலுள்ள பென்சிலின் வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

1790களில் பிரான்சுக்கும் பிரித்தானியாவுக்கும் போர். பென்சில் செய்ய வேண்டிய தரமான காரீயம் இங்கிலாந்திலிருந்து வருவது நின்று போனது. நிக்கொலா ஜாக் கொன்டே என்ற பிரெஞ்சுக்காரர் காரீயத் தூளைக் களிமண்ணோடு குழைத்து, சூளையில் சுட்டுப் பார்த்தார். 1795இல் அந்த முறைக்குக் காப்புரிமை பெற்றார். களிமண் கூடினால் முனை கடினமாகும், கோடு வெளிறும். காரீயம் கூடினால் முனை மென்மையாகும், கோடு கறுக்கும். பென்சிலில் இன்று நாம் காணும் எச், பி எழுத்துகள் சொல்வது இந்த வித்தியாசத்தைத்தான்.

காரீயம் நமக்குத் தூரத்துப் பொருளல்ல. கேகாலை மாவட்டத்தின் போகலை, குருநாகல் மாவட்டத்தின் கஹட்டகஹ சுரங்கங்களின் காரீயம் தூய்மைக்கு உலகப் பெயர் பெற்றது.

வெளிறலிலிருந்து கருமை வரையுள்ள இந்தப் படிகளையே சித்திரத்தில் 'தொனி' என்கிறோம். தொனியைப் பழக உருவம் கீறத்தான் வேண்டுமா? அமெரிக்க ஆசிரியர் ஆர்தர் வெஸ்லி டோ 1899இல் வெளியிட்ட நூலில், பார்த்துக் கீறுவதை முதற்படியாக வைக்கவில்லை. கோடு, இருளும் ஒளியும், நிறம் என்ற வரிசையில் கற்பித்தார். அவரிடம் படித்த ஜோர்ஜியா ஓ'கீஃப், 1915இல் தென் கரோலினாவில் ஆசிரியையாக இருந்தபோது, நிறங்களை ஒதுக்கிவிட்டுக் கரித்துண்டால் மட்டும் அரூப சித்திரங்கள் வரைந்தார். அடுத்த வருடமே அவை நியூயோர்க்கில் காட்சிக்கு வந்தன.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். தாளில் ஒரு கோட்டை மனம் போனபடி வளைத்து, குறுக்கும் நெடுக்குமாக ஓட விடுங்கள். பல கட்டங்கள் உருவாகும். ஒவ்வொன்றையும் ஓர் ஓரத்தில் அழுத்தமாகத் தொடங்கி, மற்ற ஓரத்தில் வெள்ளையோடு கரையும்படி நிழலிடுங்கள். விரலால் தேய்க்க வேண்டாம்; கையின் அழுத்தமே வேலையைச் செய்யட்டும். தட்டையான தாளில் மேடும் பள்ளமும் எழுவதைப் பிள்ளையே காண்பான்.

இதில் பிழையான உருவம் என்று ஒன்றில்லை. உயிருள்ளவற்றை வரையத் தயங்கும் வீடுகளுக்கும் இதில் தடையில்லை.

தரம் 10க்குப் பாடம் தெரிவு செய்யும்போது, "சித்திரம் எதற்கு?" என்று நம்மில் பலர் கேட்கிறோம். அதற்கு முன் ஒரு பென்சிலும் ஒரு தாளும் கொடுத்துப் பார்ப்போம். தெரியாது என்று சொன்ன பிள்ளைக்குத் தெரிந்தது எவ்வளவு என்று அப்போது விளங்கும்.