மன்னார் வளைகுடாவில் ஸ்கூபா டைவிங்

ஸ்கூபா டைவிங் என்பது அழுத்தப்பட்ட காற்று அடைத்த உருளையை முதுகில் சுமந்து, அதிலிருந்து சுவாசித்தபடியே நீருக்கடியில் நீந்தும் முறை. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். அந்த அழுத்தத்துக்கு ஏற்பக் காற்றைத் தரும் கருவியை 1943இல் பிரான்சில் ழாக் கூஸ்தோவும் எமில் கான்யனும் உருவாக்கினர். மூச்சடக்கி முத்தும் சங்கும் குளித்த தூத்துக்குடிக் கடலோரம் ஆழத்தை நெடுங்காலமாக அறியும். ஸ்கூபா அங்கே கூடுதலாகத் தந்தது, பவளப்பாறைமுன் நிதானமாக இருந்து கவனிக்கும் நேரம். உல்லாசப் பயணத்தைவிடக் கடலைக் காப்பதற்கே அந்த நேரம் முதலில் பயன்பட வேண்டும்.

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த கடலையும் கொண்டு 1986இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அமைந்தது. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டியெடுத்ததால் அரணிழந்த இரண்டு தீவுகள் நீரில் மூழ்கின. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. சட்டத்தால் தடுக்க முடியாத ஆபத்து கடல்வெப்பம். பவள உயிரிகளின் திசுக்களில் வாழும் நுண்பாசிகளே அவற்றுக்கு உணவையும் நிறத்தையும் பெரும்பாலும் தருகின்றன. நீர் அளவுமீறிச் சூடாகும்போது பாசிகள் வெளியேற, பவளம் வெளுக்கிறது; வெப்பம் நீடித்தால் மடிகிறது. 2010லும் 2016லும் இங்கு இது நேர்ந்தது. வெளுத்தவற்றுள் மீண்டவை எவை, மடிந்தவை எவை என்பதை, அடித்தளத்தில் அளவுநாடா விரித்து உயிருள்ள பவளத்தைக் கணக்கிடும் டைவர்களே உறுதிசெய்கின்றனர். தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் அழிந்த திட்டுகளில் பவளத் துண்டுகளை நட்டு மீட்பதும் இப்படி மூழ்கித்தான்.

பவளத்தைக் கணக்கிடச் செயற்கைக்கோள் போதாதா என்று கேட்கலாம். அது பரப்பைக் காட்டும். கலங்கிய நீருக்கடியில் விரல்நுனி அளவே வளர்ந்த இளம்பவளத்தைக் காட்டாது. டைவர்களின் துடுப்புக்காலணி பட்டே பவளம் உடைகிறது என்ற மறுப்பில் உண்மை உண்டு. ஆனால் மிதப்பைக் கட்டுப்படுத்தும் பயிற்சியும் ஆள் எண்ணிக்கை வரம்பும் அச்சேதத்தைப் பெரிதும் குறைக்கும். சுற்றுலா மீனவர்க்கு வருவாய் தரும் என்பதும் நியாயமான வாதமே. அந்த வருவாய் நிலைக்கப் பவளம் உயிரோடிருக்க வேண்டும். ஆகவே கணக்கெடுப்பு முதலில், பயணிகளின் எண்ணிக்கை அதன் முடிவைப் பொறுத்து என்பதே இங்குப் பொருந்தும் வரிசை. கடலடியை நன்கறிந்த சங்குகுளிப்போரை அக்கணக்கெடுப்பில் ஊதியத்தோடு சேர்த்தால், காப்பும் பிழைப்பும் ஒன்றையொன்று தாங்கும்.