ஹீலியம் ஏன் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கு?

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. கெமிஸ்ட்ரின்னாலே காத தூரம் ஓடுறவங்களும் தைரியமா படிக்கலாம். நடுவுல கிரகணம், குண்டூர், நுங்கம்பாக்கம், ராக்கெட் எல்லாம் வரும் :-)

தனிம வரிசை அட்டவணையை ஒரு நிமிஷம் கண்ணுக்கு முன்னாடி கொண்டு வாங்க. இடப்பக்கம் ரெண்டு பத்தி, அது எஸ் தொகுதி. வலப்பக்கம் ஆறு பத்தி, பி தொகுதி. நடுவுல பத்து பத்தி, டி தொகுதி. கீழே தனியா ரெண்டு வரிசை தொங்குதே, அது எஃப் தொகுதி. கடைசி எலக்ட்ரான் எந்த ஆர்பிட்டால்ல போய் உட்காருதோ, அதுதான் அந்தத் தனிமத்தோட தொகுதி. பிளஸ் ஒன் புத்தகத்துல நாம மனப்பாடம் பண்ணின விதி இதுதான்.

ஹீலியத்துக்கு ரெண்டே எலக்ட்ரான். ரெண்டும் 1எஸ்-ல இருக்கு. விதிப்படி பார்த்தா அது இடப்பக்கம், பெரிலியத்துக்கு மேல இருக்கணும். ஆனா நம்ம கண்ணுல படுற எல்லா அட்டவணையிலும் அது வலப்பக்கக் கோடியில, நியானுக்குத் தலைக்கு மேல உட்கார்ந்திருக்கு. பிளஸ் ஒன் படிக்கிற சித்தி பையன் போன்ல கேட்டான்: "அண்ணே, விதி தப்பா, அட்டவணை தப்பா?"

"மனப்பாடம் பண்ணிட்டுப் போடா"ன்னு சொல்லிட்டு ஆபீஸ்ல ஆணி புடுங்கப் போயிருக்கலாம். ஆனா ஹீலியம் மேல எனக்கு ஒரு ஊர்ப் பாசம் உண்டு. எங்க ஊர் ஆரம்பாக்கம், ஆந்திரா பார்டர். பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. அங்கிருந்து கிளம்புற பி.எஸ்.எல்.வி ராக்கெட்டோட நாலாவது கட்டத்துல, எரிபொருளை அழுத்தித் தள்ளுற வேலையைப் பார்க்கிறது ஹீலியம்தான். ஏன் ஹீலியம்? அது எதோடயும் சேராது, எரியாது, எடையும் கம்மி. அந்த 'எதோடயும் சேராத' குணம்தான் இந்தப் பதிவோட மேட்டரே.

ஆனா ஹீலியத்துக்கும் இந்தக் கிழக்குக் கடற்கரைக்கும் உள்ள உறவு ராக்கெட்டுக்கு ரொம்ப முன்னாடியே ஆரம்பிச்சது. கொசுவத்தியை 1868-க்குச் சுத்துவோம்.

அந்த வருஷம் ஆகஸ்ட் 18. முழு சூரிய கிரகணம். நிழல் இந்தியாவைக் குறுக்கே வெட்டிக்கிட்டுப் போச்சு. ஐந்து நிமிஷத்துக்கும் மேல இருட்டு, இது ரொம்ப அபூர்வம். பிரான்ஸிலிருந்து ஜான்சன் வந்து குண்டூர்ல கூடாரம் போட்டார். ஆங்கிலேயர் டென்னன்ட்டும் குண்டூர்தான். நம்ம மதராஸ் வானாய்வகத்துத் தலைவர் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்துக்குப் போனார். அதே ஆய்வகத்துல முதல் உதவியாளரா இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, ஹைதராபாத் சமஸ்தானத்து வனபர்த்தியில தனியா ஒரு குழுவை வச்சுப் பார்த்தார். பஞ்சாங்கக் கணிப்பு பரம்பரையில வந்தவர். 1874-ல வெள்ளி சூரியனைக் கடந்தப்போ, சாதாரண ஜனங்களுக்குப் புரியணும்னு நம்ம மொழிகள்ல சின்னப் புத்தகம் போட்ட புண்ணியவான்.

அந்தக் கிரகணத்தோட விசேஷம், நிறமாலைமானி. சூரிய விளிம்புல எழும்புற பிழம்புகளோட ஒளியைப் பிரிச்சுப் பார்த்தா பளிச்னு தனித்தனிக் கோடுகள். அப்படின்னா பிழம்பு முழுக்க வாயு. ஹைட்ரஜன் கோடுகள் சரியா இருந்துச்சு. கூடவே மஞ்சள்ல ஒரு கோடு. போக்சன் உட்படப் பல பேர் அதைக் குறிச்சாங்க. சோடியத்தோட மஞ்சள் கோடு (டி கோடு) அந்த இடத்துலதான் வரும். அதுவாத்தான் இருக்கும்னு பெரும்பாலானவங்க நினைச்சுட்டாங்க. அஞ்சு நிமிஷ இருட்டுல அவ்வளவு நுணுக்கமா அளக்க முடியாதே.

'ஜான்சன் குண்டூர்ல ஹீலியத்தைக் கண்டுபிடிச்சார்'னு ஒரு கதை ரொம்ப நாளா சுத்துது. அவர் செஞ்ச பெரிய வேலை வேற. கோடுகள் அவ்வளவு பளிச்னு இருக்கிறதைப் பார்த்துட்டு, கிரகணமே இல்லாமலும் பிழம்பைப் பார்க்கலாம்னு மறுநாளே குண்டூர்ல செஞ்சு காட்டினார். அதே வித்தையை லண்டன்ல லாக்கியர் தனியா கண்டுபிடிச்சு அக்டோபர் 20 அன்னைக்குப் பார்த்தார். இனி அஞ்சு நிமிஷ அவசரம் கிடையாது, நிதானமா அளக்கலாம். அளந்தப்போதான், மஞ்சள் கோடு சோடியம் இடத்துல இல்லைங்கிறது தெரிஞ்சது. சோடியத்துக்கு 589.0, 589.6 நானோமீட்டர். இதுக்கு 587.6. வித்தியாசம் ரெண்டு நானோமீட்டர் கூட இல்ல! அந்தக் கோட்டுக்கு டி3-ன்னு பேர். பூமியில தெரிஞ்ச எதுவுமே அந்தக் கோட்டைத் தராததால, சூரியனோட கிரேக்கப் பேரான ஹீலியோஸை வச்சு ஹீலியம்னு பேர் வந்துச்சு.

பேரைக் கவனிச்சீங்களா? சோடியம், பொட்டாசியம், லித்தியம் மாதிரி 'இயம்'னு முடியுது. உலோகங்களுக்கு வைக்கிற பேர். நியான், ஆர்கான், கிரிப்டான் மாதிரி 'ஆன்'னு முடியல. ஆக பேர் இடப்பக்கத்துப் பேர், குடியிருப்பு வலப்பக்கம் :-)

மெண்டலீவ் தன் முதல் அட்டவணையைப் போட்டது 1869-ல. 63 தனிமங்கள். ஹீலியம் இல்ல, மந்த வாயுன்னு ஒரு பத்தியே இல்ல. 1894-ல ராலேவும் ராம்சேவும் ஆர்கானைக் கொண்டு வந்தாங்க. மறு வருஷம் மார்ச் மாசம், கிளீவைட்ங்கிற யுரேனியக் கனிமத்துலருந்து வந்த வாயுவுல ராம்சே அதே மஞ்சள் கோட்டைப் பார்த்தார். 27 வருஷமா சூரியன்ல மட்டும் இருந்தது ஆய்வுக்கூடக் கண்ணாடிக் குழாய்க்குள்ள வந்துடுச்சு. இதுங்களை எங்க வைக்கிறது? ஆர்கான் தனிமமே இல்ல, மூணு நைட்ரஜன் அணு சேர்ந்த மூலக்கூறா இருக்கலாம்னு மெண்டலீவே சந்தேகப்பட்டார். 1898-ல ராம்சேயும் டிராவர்ஸும் நியான், கிரிப்டான், ஜெனானையும் கண்டுபிடிச்சதும் வேற வழியில்ல. ஒரு புதுப் பத்தியே சேர்க்க வேண்டியதாச்சு. மெண்டலீவும் பிற்பாடு ஏத்துக்கிட்டார்.

(இடையில ஒரு நம்ம ஊர்ச் செய்தி: டாடா ஆராய்ச்சி நிறுவனத்தை எங்க வைக்கலாம்னு பார்க்க 1900-ல ராம்சே இந்தியா வந்தார். பெங்களூருன்னு கை காட்டினார். அப்படி வந்த இந்திய அறிவியல் கழகத்துக்கு முதல் இயக்குநர் அதே டிராவர்ஸ்தான்.)

இங்க ஒண்ணை அடிக்கோடு போட்டுக்கங்க. ஹீலியத்துக்கு வலப்பக்கம் இடம் கிடைச்சப்போ எலக்ட்ரான் அமைப்புன்னு ஒரு பேச்சே கிடையாது. எலக்ட்ரானையே 1897-லதான் தாம்சன் கண்டுபிடிச்சார். எதோடயும் சேரமாட்டேங்குதுங்கிற குணத்தைப் பார்த்துத்தான் இடம் கொடுத்தாங்க.

எலக்ட்ரான் விளக்கம் வந்தது அப்புறம். 1913-ல போர். 1920களின் தொடக்கத்துல அவரே, ஒவ்வொரு தனிமத்திலும் எலக்ட்ரான் எப்படி அடுக்கப்படுதுன்னு வரிசை போட்டார். 1925-ல பாலியோட விலக்கல் தத்துவம். எஞ்சினியரிங் காலேஜ் ஹாஸ்டல் பாஷையில சொல்றேன். ஒரு அறைக்கு ரெண்டே பேர், மூணாவது ஆளுக்கு இடமில்ல. எஸ்-ல ஒரு அறை, பி-ல மூணு, டி-ல அஞ்சு, எஃப்-ல ஏழு. பெருக்கிப் பாருங்க: 2, 6, 10, 14. அட்டவணைத் தொகுதிகளோட அகலம் அப்படியே வந்துடுச்சா? மூணாவது மாடியில டி அறைகள் காலியா இருந்தும் பொட்டாசியத்தோட கடைசி எலக்ட்ரான் 4எஸ்-க்குத்தான் போகுது, அதுதான் ஆற்றல் கம்மி. அதனால டி தொகுதி நாலாவது வரிசையிலதான் தொடங்குது. வரிசைகளோட நீளம் 2, 8, 8, 18, 18, 32, 32-ன்னு வர்றதுக்கு ரகசியம் இதுதான்.

மசூலிப்பட்டினத்துல தெரிஞ்ச மஞ்சள் கோடும் இதே கதைதான். சோடியத்துல எலக்ட்ரான் 3பி-லருந்து 3எஸ்-க்கு இறங்குது. ஹீலியத்துல ஒரு எலக்ட்ரான் 1எஸ்-லயே இருக்க, இன்னொண்ணு 3டி-லருந்து 2பி-க்கு இறங்குது. ரெண்டும் மஞ்சள், ஆனா வேற வேற படிக்கட்டு.

இப்ப கேள்விக்கு வருவோம். பெரிலியத்தோட கடைசி அறை 2எஸ், நிரம்பிடுச்சு. ஆனா அதே மாடியில பக்கத்துலயே மூணு 2பி அறை காலி. கொஞ்சம் ஆற்றல் கொடுத்தா எலக்ட்ரான் அங்க நகர்ந்து பிணைப்புக்குத் தயாராயிடும். ஹீலியம் இருக்கிற முதல் மாடியில ஒரே ஒரு அறைதான். அது நிரம்பினா மாடியே நிரம்பிடுச்சு. அடுத்த அறை வேணும்னா மாடி ஏறணும், அது ரொம்ப உயரம். ஒரு எலக்ட்ரானைப் பிடுங்கவே ஹீலியத்துக்கு 24.6 எலக்ட்ரான் வோல்ட் வேணும், எல்லாத் தனிமத்தைவிடவும் அதிகம். நியானுக்கு 21.6. பெரிலியத்துக்கு வெறும் 9.3. இப்ப சொல்லுங்க, ஹீலியம் யார் வீட்டுப் பிள்ளை?

ஆக, விதியும் தப்பில்ல, அட்டவணையும் தப்பில்ல. 'கடைசி எலக்ட்ரான் எந்த அறையில?'ங்கிறது பாதிக் கேள்விதான். 'அந்த மாடியில இன்னும் காலி அறை இருக்கா?'ங்கிறது மீதி. புத்தகம் முதல் பாதியை மட்டும் விதின்னு எழுதிட்டு, ஹீலியத்தை 'விதிவிலக்கு'ன்னு ஒரு வரியில முடிச்சிடுது. எலக்ட்ரான் அமைப்பு அட்டவணையை எழுதல, ஏற்கெனவே எழுதினதுக்கு உரை எழுதுச்சு. உரையைப் படிச்சுட்டு மூலம் தப்புன்னு சொல்ல முடியுமா?

வழக்கு இன்னும் முடியலைங்கிறதையும் சொல்லிடணும். பிரான்ஸ்காரர் சார்ல்ஸ் ஜானே 1920களின் கடைசியிலேயே ஹீலியத்தைப் பெரிலியத்துக்கு மேல வச்சு ஒரு அட்டவணை போட்டார். வரிசைகள் 2, 2, 8, 8, 18, 18, 32, 32-ன்னு ஜோடி ஜோடியா, பார்க்க அவ்வளவு அழகு. இன்னைக்கும் அதுக்கு ரசிகர்கள் உண்டு. 2017-ல சோடியமும் ஹீலியமும் சேர்ந்த ஒரு சேர்மத்தையே உண்டாக்கிக் காட்டினாங்க. காற்றழுத்தத்தைப் போல பத்து லட்சம் மடங்குக்கும் மேல அமுக்கினாத்தான் அது நிலைக்கும். அப்பவும் ஹீலியம் எலக்ட்ரானைப் பங்கு போட்டுக்கறதில்ல, நடுவுல சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது. சரியான பிடிவாதக்காரன்.

நுங்கம்பாக்கம் வானிலை மையத்துக்குள்ள மதராஸ் வானாய்வகத்தோட பழைய கருங்கல் தூண் நிக்குது, தமிழ்க் கல்வெட்டோட. அந்த ஆய்வகம்தான் கொடைக்கானலுக்குப் போய், பிறகு பெங்களூர்ல இந்திய வானியற்பியல் நிறுவனமா வளர்ந்துச்சு. 2023 செப்டம்பர் 2-ம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவுலருந்து கிளம்பின ஆதித்யா எல்1-ல, கிரகணம் இல்லாமலே சூரிய ஒளிவட்டத்தைப் பார்க்கிற முக்கியக் கருவியைச் செஞ்சது அவங்கதான். போக்சனுக்கும் ரகுநாதாச்சாரிக்கும் கிடைச்சது அஞ்சு நிமிஷம். அவங்க வாரிசுகளுக்கு இப்ப நாள் முழுக்கக் கிரகணம். அதைத் தூக்கிக்கிட்டுப் போனது பி.எஸ்.எல்.வி, உள்ளே ஹீலியம்!

பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே. உங்க கையில அட்டவணையைக் கொடுத்தா ஹீலியத்தை எங்க வைப்பீங்க? காரணமும் வேணும். 'புத்தகத்துல அப்படித்தான் இருக்கு'ங்கிற பதில் செல்லாது.