கணிக்குறிப்பேட்டில் ஊடாடும் வரைபு

கணினிக் குறிப்பேட்டில் வரைந்த தரவு வரைபை, அதைப் பார்ப்பவரே பெருப்பிக்கவும், நகர்த்தவும், ஒரு புள்ளியைத் தொட்டு அதன் அளவைக் கேட்கவும் இடம்தரும் முறை. குறிப்பேடு என்று இங்கே சொல்வது, மாணவர் பேச்சில் ‘நோட்புக்’ ஆகிவிட்ட ஆவண வகையை. விளக்கம், நிரல், நிரல் தந்த விடை, வரைபு எல்லாம் அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே பக்கத்தில் நிற்கும். இத்தகைய குறிப்பேடுகளுள் பரவலானது ஜூபிட்டர். கூகுள் கோலாப் அதன் வழியில் வந்தது.

முறையின் பயனை விளங்கிக்கொள்ள ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். திருகோணமலை மாவட்டத்தில், கொட்டியாரக் குடாவின் கரையில், மூதூருக்குக் கிழக்கே இருக்கிறது சம்பூர். அங்கு விழும் வெயிலின் அளவை மணிக்கொன்றாக ஓராண்டுக்கு வரைந்தால் 8,760 புள்ளிகள். அச்சிட்ட படத்தில் அவை நெருக்கியடித்து ஒரே நீலத் திண்டாகக் கிடக்கும். ஊடாடும் வரைபில் நவம்பர் மாதத்தின்மேல் சுட்டியை இழுத்து ஒரு கட்டம் போட்டதும் திண்டு விரிந்து நாள் நாளாகப் பிரிகிறது. காலையில் ஏறி, உச்சியில் நின்று, மாலையில் இறங்கும் மேடுகள். வாடைக்கால அடைமழை நாளின் மேடு சப்பையாகக் கிடக்கும். மேகம் கடந்துபோன நாளின் மேட்டில் ஒரு வெட்டு விழுந்திருக்கும். அந்த வெட்டின் அடியில் சுட்டியை வைத்தால் திகதி, மணி, சதுர மீற்றருக்கு எத்தனை வாட் என்ற மூன்றும் ஒரு சிறு பெட்டியில் எழும். வரைந்தவர் எதைக் காட்ட நினைத்தாரோ அதோடு நிற்காமல், பார்ப்பவர் எதைக் கேட்க நினைக்கிறாரோ அதற்கும் வரைபு விடை சொல்லத் தொடங்குகிறது. இந்த முறையின் வரலாறு முழுவதும் இந்த ஒரு மாற்றத்தின் வரலாறுதான்.

முன்னோடிகள்

திரையில் தரவைத் திருப்பிப் பார்க்கும் ஆசை குறிப்பேட்டைவிட மூத்தது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் நேரியல் துகள்முடுக்கி மையத்தில் ஜான் டூக்கி, ஜெரோம் ஃபிரீட்மன், மேரி ஆன் ஃபிஷர்கெல்லர் மூவரும் பிரிம்-9 என்ற அமைப்பைச் செய்தார்கள். ஒன்பது பரிமாணம் வரையுள்ள தரவைத் திரையில் சுழற்றிப் பார்க்க அது உதவியது. 1988இல் வந்த மத்தமாட்டிக்கா, கணக்கையும் உரையையும் படத்தையும் ஒரே குறிப்பேட்டில் சேர்த்தது. 2007இல் அதன் 6ஆம் பதிப்பில் சேர்ந்த ‘மனிப்புலேட்’ கட்டளை, ஒரு ஸ்லைடரை நகர்த்தினால் வரைபு கூடவே மாறும் வசதியைத் தந்தது. ஆனால் அது விலைகொடுத்து வாங்கவேண்டிய மென்பொருள். நம் பக்கத்துப் பல்கலைக்கழக மாணவர்களிடம் இந்த வசதி பரவலாக வந்துசேர, இலவச மென்பொருள் பிறக்கவேண்டியிருந்தது.

ஐபைதன், மேட்பிளாட்லிப், ஜூபிட்டர்

கொலம்பியாவில் பிறந்த ஃபெர்னாண்டோ பெரெஸ், அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆய்வு மாணவராக இருந்தபோது, 2001இல் பைதன் நிரல்மொழியை ஊடாடிப் பயன்படுத்த உதவும் ஐபைதனை எழுதத் தொடங்கினார். அடுத்த ஆண்டு, வலிப்பு நோயாளரின் மூளை அலைத் தரவுகளோடு போராடிக்கொண்டிருந்த ஜான் ஹன்டர், ஐபைதனுக்குள்ளிருந்தே வரைபு போடுவதற்கான ஒரு திருத்தத்தை அவருக்கு அனுப்பினார். பெரெஸுக்கு ஆய்வேட்டை முடிக்கும் நெருக்கடி. அதைப் பார்க்க நேரமில்லை. ஹன்டர் தானே தனியாகத் தொடங்கியதுதான் 2003இல் வெளிவந்த மேட்பிளாட்லிப். இன்று பைதனில் வரைபு என்றாலே முதலில் நினைவுக்கு வருவது அது. 2012 ஓகஸ்ட் 28இல், 44 வயதில், ஹன்டர் புற்றுநோய்க்குப் பலியானார். தன் கருவி இவ்வளவு தூரம் பரவியதை அவர் முழுமையாகக் காணவில்லை.

ஐபைதனின் உலாவிக் குறிப்பேடு 2011 டிசம்பரில் வந்தது. வரைபுகள் அதில் நிரலுக்குக் கீழேயே விழுந்தன; ஆனால் வெறும் படங்களாக விழுந்தன. விந்தை என்னவென்றால், தனிச் சாளரத்தில் திறந்தபோது பெருப்பிக்கவும் நகர்த்தவும் முடிந்த அதே மேட்பிளாட்லிப் வரைபு, குறிப்பேட்டுக்குள் வந்ததும் அசைவற்றுப் போனது. பகிர்வதற்கு எளிதான பக்கம் கிடைத்தது. தொட்டுப் பார்க்கும் சுகம் போனது.

அடுத்த நான்கு ஆண்டுகள் அந்த இழப்பை ஈடுசெய்வதில் கழிந்தன. மைக் பொஸ்டாக்கும் ஸ்டான்ஃபோர்ட் கூட்டாளிகளும் 2011இல் வெளியிட்ட டி3 என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம், உலாவியே வரைபு போடும் என்று காட்டியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஜேக் வான்டர்பிளாஸ், மேட்பிளாட்லிப் வரைபை டி3 வடிவுக்கு மாற்றும் எம்பிஎல்டி3யைச் செய்தார். 2013இல் போக்கே என்ற வரைபு நூலகம் வந்தது. 2014 ஏப்ரலில் ஐபைதன் 2.0 ஸ்லைடர்களையும் தெரிவுப் பெட்டிகளையும் குறிப்பேட்டுக்குள் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஓகஸ்டில் மேட்பிளாட்லிப் 1.4, தன் பழைய ஊடாட்டத்தைக் குறிப்பேட்டுக்குள்ளும் மீட்டது. ஜூலியா, பைதன், ஆர் ஆகிய மூன்று மொழிகளையும் நினைவூட்டும் ‘ஜூபிட்டர்’ என்ற பெயரும் அந்த ஆண்டிலேயே ஐபைதன் குறிப்பேட்டுக்குச் சூட்டப்பட்டது. 2015 நவம்பரில் மொன்றியலைச் சேர்ந்த பிளாட்லி நிறுவனம் தன் ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தைத் திறமூலமாக்கியது. பின்னர் வந்த ஆல்டேர் என்ற நூலகத்தில், ஒரு வரைபில் தெரிவுசெய்த புள்ளிகள் பக்கத்து வரைபிலும் ஒளிரும்படி சில வரிகளில் எழுதிவிடலாம்.

இரண்டு வழிகள்

இவை எல்லாம் வேலை செய்வது இரண்டு வழிகளில். முதல் வழியில், தரவு முழுவதும் வரைபோடு சேர்ந்து உலாவிக்குப் போய்விடுகிறது. பெருப்பிப்பதையும் புள்ளி விவரம் காட்டுவதையும் உலாவியே செய்யும். பைதனை நிறுத்திவிட்டாலும், கோப்பை வேறொருவருக்கு அனுப்பினாலும் வரைபு உயிரோடு இருக்கும். போக்கேயும் பிளாட்லியும் பெரும்பாலும் இப்படி. குறை, கோப்பின் கனம். மணிக்கொரு புள்ளி என்றால் ஓராண்டுக்கு 8,760. நிமிடத்துக்கொன்று என்றால் 5,25,600. உலாவி மூச்சுத் திணறும்.

இரண்டாம் வழியில், ஸ்லைடரை நகர்த்தியதும் ஒரு செய்தி கெர்னல் எனப்படும் பின்னணி இயந்திரத்துக்குப் போகிறது. பைதன் மறுபடி கணக்கிட்டுப் புதிய விடையைத் திருப்பி அனுப்புகிறது. எவ்வளவு சிக்கலான கணக்கும் செய்யலாம். கெர்னல் ஓடவில்லையென்றால் ஸ்லைடர் அசையும், வரைபு அசையாது. நண்பர் அனுப்பிய குறிப்பேட்டைத் திறந்துவிட்டு ‘வேலை செய்யவில்லையே’ என்று திகைக்கும் புதியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். மேட்பிளாட்லிப் பழக்கமுள்ளவர்களுக்கு இன்னொரு தடங்கல் உண்டு: 2023இல் வந்த நோட்புக் 7இல் பழைய ‘%மேட்பிளாட்லிப் நோட்புக்’ கட்டளை பயன்படாது. ஐபிஎம்பிஎல் பொதியை நிறுவி, ‘விட்ஜெட்’ என்று மாற்றவேண்டும்.

சென்னையிலிருந்து

இந்த வரலாற்றில் தமிழ்நாட்டுக்கு ஒரு நேரடிப் பங்கு இருக்கிறது; அது போதிய அளவு சொல்லப்படுவதில்லை. பிரபு ராமச்சந்திரன், சென்னை ஐ.ஐ.டி.யின் வான்வெளிப் பொறியியல் துறையில் ஆய்வு மாணவராக இருந்தபோது, பாய்ம ஓட்டத் தரவுகளை முப்பரிமாணத்தில் பார்க்க மாயாவி என்ற மென்பொருளை எழுதினார். 2001இல் அதைப் பற்றிய கட்டுரை வெளியானது. பின்னர் மும்பை ஐ.ஐ.டி. பேராசிரியரான அவர், காயல் வாரோக்கோவுடன் சேர்ந்து அதை மேலும் வளர்த்தார். மாயாவியின் முப்பரிமாண உருவங்களும் பிறகு ஜூபிட்டர் குறிப்பேட்டுக்குள் சுழலத் தொடங்கின. பெரெஸும் ஹன்டரும் எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அடையாறின் பக்கத்திலிருந்து ஒருவர் அதே வேலையில் இருந்தார்.

தமிழ் எழுத்தும் வரைபும்

மேட்பிளாட்லிப் வரைபின் தலைப்பில் ‘திருகோணமலை’ என்று எழுதிப் பார்த்தவர்களுக்கு ஒரு மனவருத்தம் தெரிந்திருக்கும். இயல்பு எழுத்துருவில் தமிழ் இல்லாததால் முதலில் வெறும் பெட்டிகள் வரும். தமிழ் எழுத்துருவைக் கொடுத்தால் எழுத்து வரும், ஆனால் உடைந்து வரும். ‘லை’யில் முன்னால் நிற்கவேண்டிய குறி லகரத்துக்குப் பின்னால் போய்விடும், ‘கோ’வின் கொம்பும் காலும் ககரத்தின் இருபுறமும் நிற்காமல் ஒரே பக்கத்தில் ஒட்டும். ‘சம்பூர்’ என்று எழுதினால் ‘பூ’ ஒன்றாய்க் கூடாது. எழுத்துகளை அவற்றின் மொழி முறைப்படி கோக்கும் பொறி அந்த நூலகத்தில் நெடுங்காலம் இல்லாததே காரணம். எம்பிஎல்கெய்ரோ என்ற மாற்றுப்பொதி அக்குறையைத் தீர்க்கிறது.

போக்கே, பிளாட்லி வரைபுகளில் இந்தத் தொல்லை இல்லை. எழுத்தை வரைவது உலாவி. உலாவிக்குத் தமிழ் தெரியும். ஊடாட்டத்துக்காகச் செய்த மாற்றம், தமிழில் வரைபு போட நினைத்தவர்களுக்கு அவர்கள் கேட்காமலே ஒரு வாசலைத் திறந்துவிட்டது. தமிழ்வழி ஆசிரியர்கள் வரைபுக்கு எதைத் தெரிவது என்று கேட்டால், இந்த ஒரு காரணத்துக்காகவே உலாவி வழி வரைபுகளைப் பரிந்துரைக்கலாம்.

மீண்டும் சம்பூர்

சம்பூரைப் பற்றிய முடிவுகள் நெடுநாள் எண்களின் பெயரால் எடுக்கப்பட்டு வந்திருக்கின்றன. 2006இல் போரினால் ஊர் வெறுமையானது. மக்களின் காணி உயர் பாதுகாப்பு வலயமானது. அங்கே 500 மெகாவாட் நிலக்கரி அனல்மின் நிலையம் கட்ட இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் தேசிய அனல்மின் கழகமும் 2011இல் கூட்டு நிறுவனம் அமைத்தன. மக்கள் 2015 முதல் திரும்பத் தொடங்கினார்கள். 2016இல் நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக வந்த சூரிய மின்நிலையத் திட்டம் 120 மெகாவாட். 2025 ஏப்ரல் 5இல் இரு நாட்டுத் தலைவர்களும் அதன் கட்டுமானத்தை மெய்நிகர் முறையில் தொடக்கி வைத்தார்கள்.

இத்தகைய நிலையத்தைப் பற்றிய கணக்குகளுக்கென்றே பிவிலிப் என்ற இலவச பைதன் நூலகம் இருக்கிறது. சூரியனின் நிலை, தகட்டின் சாய்வு, வெப்பம், கிடைக்கும் மின்சாரம் எல்லாவற்றையும் அது கணக்கிடும். தகட்டின் சாய்வை ஒரு ஸ்லைடரில் கட்டிவிட்டால், சாய்வைக் கூட்டும்போது எந்த மாதத்தின் விளைச்சல் ஏறுகிறது, எது இறங்குகிறது என்று கண்முன் தெரியும். ஏப்ரல் 11, 12 வாக்கில் சம்பூருக்கு நேர் மேலே சூரியன் உச்சம் கொடுக்கும். ஓகஸ்ட் இறுதியில் இன்னொரு முறை. அந்த நாட்களில் தகடு கிடையாக இருப்பதே நல்லது. ஆனால் உச்ச வெயிலே உச்ச மின்சாரம் என்று எண்ணிவிடக் கூடாது. சிலிக்கன் தகடு 25 பாகைக்கு மேல் சூடேறும் ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.3 முதல் 0.4 வீதம் வரை திறனை இழக்கிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களின் வெக்கையை வெப்ப ஸ்லைடரில் ஏற்றிப் பார்க்கும் மாணவருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கை இங்கே அவசியம். நாசாவின் ‘பவர்’ திட்டம் இலவசமாகத் தரும் வெயில் தரவு, ஏறத்தாழ ஒரு பாகை, அதாவது நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட அகலமுள்ள கட்டங்களுக்கானது. வரைபை எவ்வளவு பெருப்பித்தாலும் சம்பூரின் ஒரு காணிக்கும் அடுத்த காணிக்கும் உள்ள வேறுபாடு அதில் தெரியாது. புள்ளியைத் தொட்டதும் தசமத்தோடு ஓர் எண் எழுவதால் அது அந்த மண்ணில் அளந்த எண் ஆகிவிடாது. அளவுக்கருவி வைத்து அளப்பது வேறு வேலை, அதைச் செய்தே ஆகவேண்டும்.

இணைய வசதி குறைந்த இடங்களுக்கு அண்மையில் வந்த ஜூபிட்டர்லைட் பெரிய உதவி. 2018இல் மொசில்லாவில் தொடங்கிய பயோடைடு, பைதனையே உலாவிக்குள் ஓடவைத்தது. அதன்மேல் எழுந்தது ஜூபிட்டர்லைட். ஒருமுறை இறங்கிவிட்டால் சேவையகம் தேவையில்லை, கெர்னலும் மாணவரின் கணினியிலேயே ஓடும். இலங்கை உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் பைதன் ஏற்கெனவே இருக்கிறது. தமிழில் அதைப் படிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு முதல் பயிற்சியாகத் தங்கள் ஊரின் வெயிலையே கொடுக்கலாம். சம்பூரின் அகலாங்கு 8.49 வடக்கு, நெட்டாங்கு 81.29 கிழக்கு.