நண்டின் கொடுக்கும் நத்தையின் ஓடும்: டாங்கனிகா ஏரியின் பழங்கதை

தான்சானியா, காங்கோ ஜனநாயகக் குடியரசு, புருண்டி, சாம்பியா ஆகிய நாடுகளுக்கு இடையே, ஆப்பிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கில் டாங்கனிகா ஏரி நீண்டு கிடக்கிறது. நீளம் சுமார் 670 கி.மீ., ஆழம் ஏறத்தாழ 1,470 மீட்டர். பைக்கால் ஏரிக்கு அடுத்தபடியாக உலகிலேயே ஆழமான ஏரி இதுதான். உலகின் ஏரிகளில் பெரும்பாலானவை ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் வண்டல் சேர்ந்து தூர்ந்துவிடும். இங்கோ நிலம் பிளந்து விலகிக்கொண்டே இருப்பதால் பள்ளம் தூராமல் நிற்கிறது. இதன் வயது 90 லட்சம் முதல் 1.2 கோடி ஆண்டுகள் என்று கணிக்கப்படுகிறது. ஓர் ஏரியில் புதிய உயிரினங்கள் தோன்றிப் பெருக இது தாராளமான காலம்.

1858 பிப்ரவரியில் ஆங்கிலேயப் பயணிகளான ரிச்சர்ட் பர்ட்டனும் ஜான் ஹானிங் ஸ்பீக்கும் இந்த ஏரியை அடைந்தார்கள். கண்நோயால் வாடிய ஸ்பீக்குக்கு அப்போது ஏரியைச் சரியாகப் பார்க்கவும் முடியவில்லை. ஆயினும் அவர் கரையில் பொறுக்கிய கிளிஞ்சல்கள் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தன. 1859இல் எஸ். பி. வுட்வர்ட் அவற்றை விவரித்து எழுதினார். அவற்றுள் ஒன்று இன்று ஸ்பீக்கின் பெயராலேயே ஸ்பீக்கியா என்று வழங்குகிறது. ஏரிக்கரையில் பணியாற்றிய எட்வர்ட் ஹோர் அனுப்பிய நத்தைகளும் பின்னர் வந்தன. அவற்றுள் நீண்ட முட்கள் கொண்ட டிஃபோபியாவை எட்கர் ஸ்மித் 1880இல் விவரித்தார்.

இந்த ஓடுகளைக் கண்டு அறிஞர்கள் திகைத்தார்கள். அதற்குக் காரணம் இருந்தது. நன்னீர் நத்தையின் ஓடு பொதுவாக மெல்லியது, வழவழப்பானது. விரலால் அழுத்தினாலே நொறுங்கக்கூடியது. டாங்கனிகாவின் ஓடுகள் தடித்தும் வரிவரியாகப் புடைத்தும் முள்ளும் முடிச்சுமாகவும் இருந்தன. கடற்கரையில் கிடக்கும் சிப்பிகளோடு கலந்து வைத்தால் பிரித்தறிவது கடினம். ஏரியில் ஜெல்லிமீன் வேறு இருந்தது. 1895-96இலும் 1899-1900இலும் இங்கே ஆய்வுப் பயணம் சென்ற ஜே. இ. எஸ். மூர், ஜுராசிக் காலக் கடல் ஒன்றின் எச்சமே இந்த ஏரி என்று முடிவு கட்டினார். ஐரோப்பாவில் கிடைத்த ஜுராசிக் புதைபடிவங்களோடு இந்த ஓடுகளை ஒப்பிட்டுக் காட்டினார். ‘டாங்கனிகா புதிர்’ என்ற பொருள்படும் தலைப்பில் 1903இல் அவருடைய நூல் வந்தது. துணிச்சலான கருத்து, தவறான கருத்தும்கூட. ஜுராசிக் காலம் முடிந்து 14 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ஏரியின் வயது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 1904-05இல் அங்கே சென்ற வில்லியம் கன்னிங்டனின் பயணமும் கடல் கொள்கைக்குக் கைகொடுக்கவில்லை. நத்தைகளின் உடலமைப்பு அவை நன்னீர்க் குடும்பத்தைச் சேர்ந்தவை என்றே காட்டியது. இன்று அவை பாலுடோமிடே குடும்பத்தில் வைக்கப்படுகின்றன. தென்னிந்திய, இலங்கை ஆறுகளில் கல்லில் ஒட்டி வாழும் பாலுடோமஸ் நத்தைகளும் அதே குடும்பந்தான்.

கடலிலிருந்து வராத நத்தைக்குக் கடல் ஓடு எப்படி வந்தது? விடைக்கு ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. மூன்று வயதிலேயே பார்வை இழந்து, ஓடுகளை விரலால் தடவியே படித்த கீரட் வெர்மெய், கடல் நத்தைகளின் தடித்த ஓடு அவற்றை உடைத்துத் தின்னும் நண்டுகளுக்கும் மீன்களுக்கும் எதிரான கவசம் என்று 1970களில் வாதிட்டார். 1978இல் அவரும் ஆலன் கோவிச்சும் இதை நன்னீருக்கும் பொருத்தினார்கள். ஆறும் குளமும் நிலையற்றவை. வேட்டைக்கும் கவசத்துக்கும் இடையே நீண்ட போட்டி நடக்க அங்கே அவகாசம் இல்லை. நெடுங்காலம் நீடிக்கும் ஏரியில் அந்த அவகாசம் உண்டு.

டாங்கனிகாவில் இதைக் கையால் தொட்டுச் சோதித்தவர்கள் கெல்லி வெஸ்ட், ஆண்ட்ரூ கோஹன், மைக்கேல் பேரன் ஆகியோர். அவர்களது ஆய்வு 1991இல் வெளிவந்தது. ஏரிக்கே உரிய பிளாட்டிதெல்ஃபூசா ஆர்மட்டா என்ற நண்டின் கொடுக்கு பெரியது; அதன் உட்புறத்தில் கடைவாய்ப் பல் போன்ற மழுங்கிய மேடுகள் உண்டு. கிழிப்பதற்கு அல்ல, நொறுக்குவதற்கென்றே அமைந்த கருவி அது. நத்தையின் ஓட்டிலோ சுண்ணாம்புப் படிகங்கள் அடுக்கடுக்காக, ஒவ்வோர் அடுக்கும் அடுத்ததற்குக் குறுக்காக அமைந்திருக்கின்றன. ஒட்டுப்பலகையின் தத்துவமும் இதேதான்: ஓர் அடுக்கில் ஓடும் விரிசல் அடுத்த அடுக்கில் தடுக்கப்பட்டு நின்றுவிடும்.

ஆனால் எல்லாவற்றிலும் அழுத்தமான சான்று தழும்புதான். நண்டு ஓட்டின் வாய்விளிம்பை உடைக்க, நத்தை உள்ளே சுருண்டு தப்பிவிட்டால், உடைந்த இடத்திலிருந்து மறுபடி ஓடு வளரும். ஒட்டுப்போட்ட சட்டையைப் போல அந்த இடம் கோணல் கோடாக வாழ்நாள் முழுதும் நிற்கும். தோற்ற நத்தை சில்லுகளாகிப் போகும். பிழைத்த நத்தை தாக்குதலின் பதிவைத் தானே சுமந்து திரியும். ஆகவே தழும்பு வேட்டையின் கடுமையை மட்டும் காட்டுவதில்லை, கவசம் பயன்பட்டதையும் சேர்த்தே காட்டுகிறது. டாங்கனிகா ஓடுகளில் இத்தகைய தழும்புகள் ஏராளம். ஏரி நீரில் சுண்ணாம்புச் சத்து நிறைந்திருப்பது ஓடு கட்டுவதை எளிதாக்கியிருக்கும் என்பதும் உண்மை. ஆனால் சுண்ணாம்பு பொருளைத்தான் தரும். தழும்புக்கு அது விளக்கம் ஆகாது.

இந்தோனேசியாவின் சுலவேசித் தீவிலும் இதே கதை தனியாக நடந்திருக்கிறது. இலங்கையில் முன்னரே ஆய்வு செய்திருந்த பால், ஃப்ரிட்ஸ் சாரசின் என்ற சுவிஸ் உறவினர்கள் 1890களில் அங்கே சென்று டைலோமெலானியா நத்தைகளை விவரித்தார்கள். மட்டானோ, தொவுதி போன்ற பழம் ஏரிகளில் வாழும் இனங்களின் ஓடு ஆற்றில் வாழும் உறவினங்களின் ஓட்டைவிட வலிமையானது. அந்த ஏரிகளிலும் நொறுக்கும் கொடுக்குடைய நண்டுகள் இருக்கின்றன.

மரபணு ஆய்வு இந்தச் சித்திரத்தைத் திருத்தியது. நத்தைகளின் முதன்மைக் கிளைகள் டாங்கனிகா ஏரியைவிடப் பழையவையாக இருக்கலாம் என்று 2004இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. பிளாட்டிதெல்ஃபூசா நண்டுகள் பல இனங்களாகப் பிரிந்ததோ சுமார் 25 முதல் 33 லட்சம் ஆண்டுகளுக்கு முன்புதான் என்று 2006இல் கணிக்கப்பட்டது. அப்படியானால் நண்டும் நத்தையும் முதல் நாளிலிருந்தே ஒன்றையொன்று துரத்தி வளர்ந்தன என்று சொல்ல முடியாது. ஏரியில் ஓடுடைக்கும் மீன்களும் உண்டு. லோபோகிலோட்டஸ் என்ற சிக்லிட் மீன் தொண்டையில் உள்ள இரண்டாம் தாடையால் நத்தையை அரைத்துத் தின்கிறது. கவசத்தின் தொடக்கத்தை ஒரே ஒரு எதிரியின் பெயரில் எழுதிவிட இயலாது. அது இன்றும் பயன்படுகிறது என்பதைத் தழும்புகள் காட்டிக்கொண்டிருக்கின்றன.